கையெழுத்து யாருடையது?

அத்தியாயம் ஒன்பது

விக்னராஜா செய்த வேலை போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். நகரத்துப் பழைய பல்கலைக்கழகத்தில் இடம் தருவதாக மகளுக்கு வந்த கடிதத்தைத் தானே உடைத்தார். தானே வாசித்தார். கூட வந்த படிவத்தைத் தானே நிரப்பி, நல்ல நேரம் பார்த்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டும் வந்தார். மகள் யோகா என்ன நினைக்கிறாள் என்று கேட்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

உடனே அவரைக் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். யோகா யாழ்ப்பாணத்தில் பாலர் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவள் பெயரில் வந்த எல்லாக் கடதாசிகளிலும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தேர்ச்சி அறிக்கை, அம்மைத் தடுப்பூசிச் சீட்டு, கடைசியாக மெல்பேர்ணுக்கு வர விசா விண்ணப்பம். பிள்ளைக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது என்பதற்காக அந்தக் கை சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் யோகா.

"மிஸ் விக்னராஜாவா?" பழைய பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில். "உங்கள் படிவம் கிடைத்தது. ஆனால் அதில் இருப்பது உங்கள் கையெழுத்து இல்லை போலிருக்கிறதே."

"இல்லை. அது என் அப்பாவுடையது."

"அப்படித்தான் நினைத்தேன். நீங்கள் பதினெட்டைத் தாண்டியவர். நீங்களே வந்து கையெழுத்துப் போட வேண்டும். இன்று நாலரை மணிக்குள். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்."

யோகா றிசீவரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். படிவம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய இயலாது என்று குளியலறைக்குள் அழுது முடித்து நான்கு நாட்கள் ஆகின்றன. இப்போது மூடிய கதவு தானாகத் திறந்து கிடக்கிறது. முதலில் சந்தோஷம் வந்தது. அதன் பின்னால் பயம் வந்தது. நேற்று வரை அப்பாவைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கலாம். இன்றைக்கு அதற்கும் வழி இல்லை.

அவளுடைய சிக்கல் இதுதான். அவள் படிக்கும் புதுப் பல்கலைக்கழகத்துக்கு வயது பதினைந்து. வளவில் நட்ட மரங்களுக்கு இன்னும் கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு மருத்துவபீடம் உண்டு. விஞ்ஞானம் முதலாம் ஆண்டில் திறமாகச் சித்தியடைந்தவர்களில் பன்னிரண்டு பேரை நேர்முகத்துக்கு அழைத்து, நான்கு பேரை மருத்துவத்துக்கு எடுப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்பது இந்த வாரம் தெரியவரும். யோகாவின் புள்ளிகள் நல்லவை. பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

பழைய பல்கலைக்கழகம் நகரத்துக்குள் கல்லும் கோபுரமுமாக நூற்றிருபது வருடங்களாக நிற்கிறது. அங்கே மாறிப்போனால் விஞ்ஞானம் முதலாம் ஆண்டைத் திரும்பவும் படிக்க வேண்டும். பிறகு அங்கிருந்து மருத்துவத்துக்குப் போட்டி போட வேண்டும். போன கையோடு புதுப் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

"ஆனா அதின்ர பேரை ஊரில தெரியாத ஆக்கள் இல்லை," என்பது விக்னராஜாவின் கட்சி. "நீ இப்ப படிக்கிறதின்ர பேரைச் சொன்னால், அது எந்த நாட்டில எண்டு கேக்கிறாங்கள்."

யோகாவுடன் அதே வகுப்பில் படிக்கும் ரஞ்சினியும் ஒரு வாரமாக அதையேதான் சொன்னாள். "போ யோகா. உன்னை மாதிரி ஆளுக்கு அதுதான் சரி."

எல்லோரும் போ என்கிறார்கள். யோகாவுக்கு மட்டும் கால் எழவில்லை. தனக்கு இங்கே நிற்க விருப்பமா, அல்லது அங்கே போகப் பயமா? இந்தக் கேள்விதான் அவளை இராத்திரியும் பகலுமாக அரித்துக்கொண்டிருந்தது. பயத்தினால் நிற்கிறாள் என்றால் அவளால் தன்னையே மன்னிக்க முடியாது.

குசினிக்குள் போய் விஷயத்தைச் சொன்னாள். விக்னராஜா மின்சார சபைக்குப் புறப்படத் தயாராகக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து சரியில்லையாம் அப்பா."

"என்ர கையெழுத்தோ? இருவத்தஞ்சு வருசமா ஒரு கந்தோரில ஒரு அதிகாரியும் பிழை சொன்னதில்லை!"

"உங்கட கையெழுத்தில பிழை இல்லை. என்ர கையெழுத்து வேணுமாம்."

"நீ சின்னப்பிள்ளை."

"வோட்டுப் போடலாமாம், காரோடலாமாம்," என்றாள் அம்மா இரஞ்சிதம் அடுப்பைப் பார்த்தபடியே. "ஒரு கடதாசியில தன்ர பேரை எழுதக்கூடாதோ?"

பதில் வராதபோது விக்னராஜா நாட்காட்டியைப் பார்ப்பார்.

"வெள்ளி. பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும் இராகுகாலம். இவங்கள் கோடைக்கு எண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். அப்ப பதினொண்டரையில இருந்து ஒரு மணி மட்டும்."

"மணிக்கூடு மாத்தினதை இராகுவுக்கு ஆர் சொன்னது?"

"இராகு சூரியனோட போறவர், இரஞ்சி. கவர்மெண்டோட இல்லை. உமக்கு விளங்காது. பிள்ளை, ஒரு மணிக்கு வெளிக்கிடுவம். நான் அரைநாள் லீவு போடுறன்."

"அப்பா, நான் இன்னும் முடிவெடுக்கேல்லை."

"முடிவெடுக்கிறதுக்கு என்ன இருக்கு?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "பெரியப்பாவுக்கும் ஏரோகிராமில எழுதிப் போட்டாச்சு."

"எப்ப?"

"படிவம் போட்ட அண்டைக்கே."

இரஞ்சிதம் திரும்பி மகளைப் பார்த்தாள். "நாலரை மணி மட்டும் நேரம் இருக்குத்தானே," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கறியைக் கிளறினாள்.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு டட்சன் கார் புறப்பட்டது. வழி முழுக்க விக்னராஜாவுக்கு வாய் ஓயவில்லை. எந்த ட்ராமில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், மழை வந்தால் எந்தக் கட்டடத்துக்குள் ஒதுங்கலாம் என்பதுவரை அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். அந்தச் சந்தோஷத்தை யோகா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். வேண்டாம் என்று சொன்னால் அந்த முகம் எப்படி மாறும்? சரி என்று சொல்லிவிட்டால் என்ன? இரண்டு எழுத்துத்தானே.

அலுவலகத்தில் உயரமான மர மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். காலையில் பேசிய குரல்தான். படிவத்தை எடுத்து விரித்தாள்.

யோகா அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். 'நான்' என்று அச்சடித்திருந்த இடத்தை எல்லாம் அப்பா அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வெட்டி, மேலே 'என் மகள்' என்று எழுதியிருந்தார். அடியில் இடம் போதாமல் ஓரத்தால் வளைந்து போன ஒரு வரி: 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன், க. விக்னராஜா.'

"இவ்வளவு மரியாதையான கடிதம் எங்களுக்கு வந்து நெடுநாளாயிற்று," என்றாள் அந்தப் பெண். கேலி இல்லாமல்தான் சொன்னாள். விக்னராஜா தலையை அசைத்து அதை ஏற்றுக்கொண்டார்.

புதிய படிவம் ஒன்று வந்தது. அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ஏற்கிறேன், மறுக்கிறேன். விக்னராஜா சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி மகளிடம் நீட்டினார். யோகா வாங்கினாள்.

வாங்கியவள் எழுதவில்லை.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது," என்றாள் ஆங்கிலத்தில். "இப்படி மாறி வந்தவர்களில் எத்தனை பேருக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்தது?"

"பிள்ளை," விக்னராஜா குரலைத் தாழ்த்தினார். "அவையளைக் கேள்வி கேக்கிறேல்லை. கையெழுத்தை வைச்சிட்டுக் கேள்."

"வைச்சாப்பிறகு கேட்டு என்ன பிரியோசனம் அப்பா?"

அந்தப் பெண்ணுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. உள்ளே போய்த் துணைப் பீடாதிபதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஹார்க்கோர்ட் என்று பெயர். நெட்டையான மனிதர், கையில் அணைந்துபோன பைப். படிவத்தையும் எடுத்துக்கொண்டு இருவரையும் தன் அறைக்குள் அழைத்து இருக்கச் சொன்னார்.

"உங்களிடம் மறைப்பானேன்," என்றார். "மூன்று வருடங்களில் முப்பத்தொரு பேர் அந்த நம்பிக்கையோடு வந்தார்கள். இரண்டு பேருக்குக் கிடைத்தது."

விக்னராஜா கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்தார். இந்த எண்ணிக்கையை அவர் விசாரித்திருக்கவில்லை. ட்ராம் நம்பரைத்தான் விசாரித்திருந்தார்.

"நான் ஏன் முதலாம் ஆண்டைத் திரும்பவும் படிக்க வேண்டும்?" என்று யோகா கேட்டாள்.

"உங்கள் பல்கலைக்கழகம் புதியது. அங்கே படிப்பிக்கும் இரசாயனம் எங்களுடையதைப் போல ஆழமானதா என்று எங்களுக்குத் தெரியாது."

யோகாவுக்குச் சுறுக்கென்றது. ஒரு வருடமாக விடிய எழுந்து, கம்பு கட்டிய மரங்களுக்கு நடுவே ஓடிப்போய் முன்வரிசையில் இருந்து படித்த படிப்பு அது.

"தெரியாவிட்டால் என்னைக் கேட்டுப் பார்க்கலாமே," என்றாள்.

மேசைக்குக் கீழே அப்பாவின் சப்பாத்து அவள் காலை அழுத்தியது. அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

ஹார்க்கோர்ட் பைப்பைக் கீழே வைத்தார். "சரி. ஒருவர் படிக்கட்டில் வேகமாக ஏறுகிறார். தசைகளில் இருந்து அமிலம் இரத்தத்துக்குள் வருகிறது. ஆனாலும் இரத்தம் புளித்துப்போவதில்லை. ஏன்?"

"இரத்தத்தில் பைகாபனேற் இருக்கிறது. அது அமிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதில் உண்டாகும் கரியமில வாயுவை மூச்சோடு வெளியே விடுகிறோம். மேல் மாடிக்குப் போனதும் மூச்சு வாங்குவது அதற்காகவும்தான்."

"அவர் மூச்சை அடக்கினால்?"

"வாயு உள்ளே தேங்கும். இரத்தத்தில் அமிலம் கூடும். மூளை அதை உணர்ந்து மூச்சு விட வைத்துவிடும். பிடிவாதத்துக்காக யாரும் மூச்சை அடக்கிச் சாக முடியாது."

ஹார்க்கோர்ட் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு தாளைத் தள்ளி, சமன்பாட்டை எழுதச் சொன்னார். அளவுகள் கொடுத்துக் கணக்குச் செய்யச் சொன்னார். ஒன்று முடிய இன்னொன்று. மூன்றாவது கணக்கில் அவர் தவறாகச் சொன்ன ஒரு எண்ணை யோகா திருத்தினாள்.

இருபது நிமிடம் போயிருக்கும். ஹார்க்கோர்ட் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நேராக இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்கிறேன். அது என் கையில் இருக்கிறது. மருத்துவ இடம் மட்டும் என் கையில் இல்லை."

விக்னராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தாங்க் யூ, சேர்!" என்று எழும்பியே விட்டார். "பிள்ளை, வை கையெழுத்தை!"

யோகா எழும்பவில்லை. உள்ளே ஏதோ ஒன்று அமைதியாகியிருந்தது. இங்கே வரத் தனக்குத் தகுதி இருக்கிறது. இந்தக் கல்லுக்கும் கோபுரத்துக்கும் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு வாரமாக அரித்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இப்போது புதுப் பல்கலைக்கழகத்திலேயே நிற்பதென்றால் அவள் விருப்பத்தினால் நிற்கிறாள், அவ்வளவுதான்.

"மிக்க நன்றி," என்றாள். "ஆனால் நான் படிக்கிற இடத்திலேயே படிக்கப்போகிறேன்."

விக்னராஜா மெல்லத் திரும்பவும் கதிரையில் அமர்ந்தார்.

"ஏன் என்று கேட்கலாமா?" என்றார் ஹார்க்கோர்ட்.

"நான் டொக்டராக வேண்டும். இங்கே முப்பத்தொரு பேரில் இரண்டு பேர். அங்கே பன்னிரண்டு பேரில் நான்கு பேர்."

"அந்தப் பன்னிரண்டு பேரில் நீங்கள் இருக்கிறீர்களா?"

"இன்னும் தெரியாது."

"தெரியாமலே இதை வேண்டாம் என்கிறீர்களா?"

"ஆம்."

அவள் படிவத்தை இழுத்து, இரண்டாவது கட்டத்தில் புள்ளடி போட்டு, அடியில் தன் பெயரை எழுதினாள். யோகா விக்னராஜா. பழக்கமில்லாத கை. எழுத்து கொஞ்சம் சரிந்துதான் நின்றது. பேனாவை மூடி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிப் பைக்குள் வைக்க இரண்டு தரம் தடவ வேண்டியிருந்தது.

ஹார்க்கோர்ட் கதவு வரை வந்து கைகொடுத்தார். "எங்களுக்கு நட்டம், மிஸ்டர் விக்னராஜா," என்றார் தகப்பனைப் பார்த்து. "மனம் மாறினால் உங்கள் மகள் நேராக எனக்கு எழுதட்டும்."

திரும்பும் வழியில் யோகாவுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் திரும்பிப் போய் அந்தக் கட்டத்தை மாற்ற வேண்டும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை. கோல்ஃபீல்ட் தாண்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"அந்த மனிசன் ஏன் அப்பிடிச் சிரிச்சவர்?"

"மூச்சை அடக்கி ஒருத்தரும் சாக ஏலாது எண்டு சொன்னன். அதுக்கு."

"உண்மையே?"

"ஓம் அப்பா."

அடுத்த சிவப்பு விளக்கில் கார் நின்றது. பக்கத்தில் சத்தம் வராததால் யோகா திரும்பிப் பார்த்தாள். விக்னராஜா கன்னத்தை உப்பிக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி இருந்தார். விளக்குப் பச்சையாகும் முன்னரே புஸ்ஸென்று விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல கியரைப் போட்டார். யோகா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரிப்பை விழுங்கினாள்.

வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதைக் கண்டதும் விக்னராஜாவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது.

சத்தியபாமா அன்ரியின் கார். ரஞ்சினியின் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமையே அவவிடம் செய்தியைச் சொல்லி, அவ மூலம் ஊர் முழுக்கப் பரவ வைத்தவர் விக்னராஜாதான். அவ ஒரு பெரிய டப்பா நிறையப் பயத்தம் உருண்டையுடன் கூடத்தில் இருந்தா. பக்கத்தில் ரஞ்சினி. மத்தியானமே வந்துவிட்டார்களாம்.

"வாங்கோ, வாங்கோ!" அன்ரி எழும்பி யோகாவைக் கட்டிக்கொண்டா. "கையெழுத்து வைச்சாச்சோ? எங்கட ஆக்களில முதல் ஆள் நீதான் பிள்ளை. அந்த வாசலுக்குள்ள போறதெண்டால் சும்மாவே?"

யோகா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இரஞ்சிதம் குசினி வாசலில் நின்று மகளின் முகத்தையும் கணவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விக்னராஜா தொண்டையைச் செருமினார். கழுத்துப்பட்டியைத் தளர்த்தி, கதிரையில் ஆறுதலாக அமர்ந்தார்.

"அந்த யூனிவேர்சிற்றியை," என்றார் நிறுத்தி நிதானமாக, "என்ர மகள் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டாள்."

"என்ன?"

"ஓம். துணைப் பீடாதிபதி நேர இருந்து சோதினை வைச்சவர். அரை மணித்தியாலம். அந்தாள் விட்ட பிழையை இவள் திருத்தினவள்! முதலாம் வருசம் வேண்டாம், நேர ரெண்டாம் வருசத்துக்கு வா எண்டு கேட்டவர். இவள் ஏலாது எண்டிட்டாள். மனிசன் கதவு மட்டும் வந்து, எங்களுக்கு நட்டம் எண்டு என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர்."

"வேண்டாம் எண்டாளோ?" அன்ரி வாயில் கையை வைத்தா. "அவையள் கூப்பிட்டும்?"

"போறதுக்கு ஆரும் போகலாம்," என்றார் விக்னராஜா. "வேண்டாம் எண்டு சொன்ன ஆக்கள் ஆர் இருக்கினம், சொல்லுங்கோ பாப்பம்?"

யோகாவுக்கு நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் முட்டிவிட்டது. கோபுரமும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், இந்த ஒரு நிமிடம் போதும் என்று இருந்தது. இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப உங்கட அண்ணைக்குப் போட்ட ஏரோகிராம்?" என்று கேட்டாள்.

"இன்னொண்டு போடுறது. அதுக்கென்ன?" அவர் ஒரு பயத்தம் உருண்டையை எடுத்துக் கடித்தார். "கதவு மட்டுமில்லை, இரஞ்சி. படிக்கட்டு மட்டும் வந்தவர் அந்த மனிசன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சினி மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. "நீ போகேல்லையா?" என்றாள். "ரியலி? எங்களோடயே நிக்கப் போறியா?"

அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா வேறு ஏதாவதா என்று யோகா யோசிக்கும் முன் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள்.

"யோகாவா? மருத்துவபீட அலுவலகத்தில் இருந்து பேசுகிறேன்." புதுப் பல்கலைக்கழகத்தின் செயலாளர். "புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகம். நீங்கள் பன்னிரண்டு பேரில் ஒருவர். வாழ்த்துகள்."

யோகா சுவரில் சாய்ந்தாள். "நன்றி," என்றாள். இன்னொரு தரமும் "நன்றி" என்றாள். கூடத்தில் இருந்து அப்பா எட்டிப் பார்க்க, நேர்முகம், புதன்கிழமை என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். அவர் அப்போதே புரிந்துகொண்டு இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார்.

"ஒரு சின்ன உதவி," என்றாள் செயலாளர். "பட்டியலில் உள்ள இன்னொருவரின் வீட்டுக்கு மத்தியானத்தில் இருந்து அடிக்கிறேன். யாரும் எடுப்பதாக இல்லை. கடைசிப் பெயர் அது. யாராவது விலகினால்தான் அழைப்பதாக இருந்தது, பிறகு எப்படியும் அழைப்பது என்று முடிவாகிவிட்டது. உங்கள் வகுப்புத்தானே, ரஞ்சினி மகாதேவன். அவரைத் தெரியுமா?"

பன்னிரண்டு பேர். நான்கு இடம். ஒரு வாரமாக ரஞ்சினி 'போ யோகா' என்று சொன்னது எதற்காக என்று இப்போது விளங்கியது.

யோகா கூடத்தைப் பார்த்தாள். அப்பாவும் அம்மாவும் அன்ரியும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரஞ்சினி எழும்பி நின்றாள். விரல் நுனியெல்லாம் உருண்டை மாவு. கண் தொலைபேசியிலேயே இருந்தது.

"தெரியும்," என்றாள் யோகா. "இங்கேதான் நிற்கிறாள்." றிசீவரை ரஞ்சினியிடம் நீட்டினாள்.